கம்ப்யூட்டரில் தங்கிவிடும் அமானிதம்



ஜகாத் உதவி கேட்டு வரும் மனுக்கள், கல்வி உதவிக்கான ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், நோயாளிகளின் மருத்துவ அறிக்கை எனப் பலருடைய அந்தரங்கம் இன்று கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. நம் வீட்டு விவரங்களும் அப்படியே. வேலை முடிந்ததும் ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறோம். ஆனால் நம் கண்ணில் படாத இடத்தில் அதன் சுவடு இருக்கலாம்.

கம்ப்யூட்டரின் ராம் என்பது நாம் எழுதும் மேசை போன்றது. மின்சாரம் நின்றதும் அதிலுள்ளவை மறைந்துவிடும். மேசையில் இடம் போதாதபோது, உடனே தேவைப்படாதவற்றை விண்டோஸ் எடுத்து டிஸ்கில் உள்ள ஒரு மறைவான ஃபைலில் வைக்கிறது. அதுதான் பேஜ் ஃபைல். இந்த ஏற்பாட்டுக்கு விர்ச்சுவல் மெமரி என்று பெயர். ராம் குறைவான பழைய லேப்டாப்களில் இது அதிகம் நடக்கும்.

டிஸ்கில் எழுதப்பட்டது மின்சாரம் நின்றாலும் அழியாது. நாம் திறந்து படித்த மனுவின் வரிகளோ, தட்டச்சு செய்த பாஸ்வேர்டோ அதில் தங்கியிருக்கலாம். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைப்பவருக்கு நமது விண்டோஸ் பாஸ்வேர்டு தடையாகாது. 'ஹைபர்நேட்' செய்தாலும் ராமில் உள்ளவை டிஸ்கில் எழுதப்படுகின்றன.

அப்படியானால் பேஜ் ஃபைலை நிறுத்திவிடலாமா? வேண்டாம். ராம் தீர்ந்துபோனால் புரோகிராம்கள் பாதியில் நின்று, சேமிக்காத வேலை வீணாகும். செய்ய வேண்டியவை இவை:

1. டிஸ்க் முழுவதையும் என்க்ரிப்ஷன் செய்வதே சிறந்த பாதுகாப்பு. விண்டோஸ் புரோ பதிப்பில் 'பிட்லாக்கர்' உண்டு. ஹோம் பதிப்புள்ள பல கம்ப்யூட்டர்களில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' இருக்கும். அதன் ரெகவரி கீயைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் நமக்கே டிஸ்க் திறக்காமல் போகலாம்.

2. புரோ பதிப்பில் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி'யைத் திறந்து, 'லோக்கல் பாலிசீஸ்', 'செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ்' வழியாகச் சென்று, 'ஷட்டவுன்: கிளியர் விர்ச்சுவல் மெமரி பேஜ்ஃபைல்' என்பதை 'எனேபிள்ட்' ஆக்குங்கள். ஒவ்வொரு முறை ஷட்டவுன் செய்யும்போதும் பேஜ் ஃபைல் துடைக்கப்படும். அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். பொறுமையிழந்து சுவிட்சை அணைத்தால் பயனில்லை. எஸ்எஸ்டி வகை டிஸ்கில் இப்படித் துடைப்பதை மட்டும் நம்ப முடியாது. அங்கே என்க்ரிப்ஷனும் அவசியம்.

3. 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' குறியை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் முழுமையாக நடப்பதில்லை.

4. பழைய கம்ப்யூட்டரை ஏழை மாணவருக்கு ஸதகாவாகக் கொடுப்பது நல்ல அமல். கொடுக்கும் முன் 'ரீசெட் திஸ் பிசி'யில் 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுத்து, கூடவே 'கிளீன் டேட்டா'வையும் ஆன் செய்யுங்கள். பழைய கடைக்கு விற்பதானாலும் இதையே செய்யுங்கள்.

தேவையுடையோர் தம் வறுமையையும் நோயையும் நம்மை நம்பித்தான் சொல்கிறார்கள். அதை மறைத்துக் காப்பதும் நாம் செய்யும் உதவியில் அடங்கும். அந்த அமானிதத்தைப் பேண அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக.