மணமகளின் கூறை நீலமானது ஏன்?

பரந்தன் பக்கத்துத் தாய் ஒருவர் இறுவட்டு ஒன்றுடன் எமது நிலையத்துக்கு வந்தார். 2008இல் வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது காணி உறுதியோடு ஒரே பொலித்தீன் பைக்குள் சுற்றிக் கட்டிய இறுவட்டு அது. உள்ளே மூத்த மகளின் திருமண வீடியோ. அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. அந்த வீட்டாரின் முகங்கள் பதிந்திருப்பது இனி இதில் மட்டுந்தான்.

எமது லினக்ஸ் கணனியில் அதைப் போட்டோம். மணமகளின் சிவப்புக் கூறை நீலமாகத் தெரிந்தது. முகங்களும் நீலம்.

“பாதர், தண்ணி பட்டு நிறம் போட்டுதோ?” என்று அந்தத் தாய் கேட்டார்.

அருகில் நின்ற இளைஞர் ஒருவர், கணனியில் உள்ளதை அழித்துவிட்டு வின்டோஸ் போடலாம் என்றார். இன்னொருவர், பட்டணத்தில் காசு கொடுத்து நிறத்தைத் திருத்துவிக்கலாம் என்றார். நாம் இரண்டுக்கும் இணங்கவில்லை. பந்தலில் கட்டியிருந்த வாழைமரம் பச்சையாகவே இருந்ததை நாம் கவனித்திருந்தோம்.

வீடியோவில் நிறங்கள் வர்ணமாகவே பதியப்படுவதில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்ச அளவு ஒன்றும், நீலத்துக்கு ஓர் எண்ணும், சிவப்புக்கு ஓர் எண்ணும் உண்டு. பச்சை இம்மூன்றிலிருந்தும் கணிக்கப்படுகிறது. இரணைமடுக் குளத்துக்கு இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் இருப்பதைப் போல, நீல எண்ணுக்கும் சிவப்பு எண்ணுக்கும் தனித்தனி வழி உண்டு. அவ்விரண்டும் இடம் மாறினால் சிவப்பு நீலமாகும், மஞ்சள் வெளிர்நீலமாகும், பச்சை ஏறத்தாழ அப்படியே நிற்கும். வாய்க்கால் மாறியதற்குக் குளத்தைக் குறை சொல்ல முடியுமா? இறுவட்டும் அவ்வாறே. பிழை அதைக் காட்டும் மென்பொருளில் இருக்கிறது.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கி வைத்த லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது, பழைய கணனிகளிலும் ஓடுகிறது. ஆகவே கிராம நிலையங்களுக்கு அது உகந்தது. ஆனால் வெவ்வேறு இடங்களில் செய்யப்பட்ட மென்பொருள்கள் அதில் ஒன்றுசேர்கின்றன. சில வேளைகளில் ஒன்றின் மொழி மற்றதற்கு விளங்குவதில்லை. 2012இல் உலகெங்கும் லினக்ஸ் பயன்படுத்திய பலருக்கு யூடியூப் முகங்கள் நீலமாகத் தெரிந்தன. அடோபியின் ஃபிளாஷ் 11.2 பதிப்பு, இன்விடியா வரைகலை அட்டையின் உதவியுடன் படம் காட்டியபோது சிவப்பும் நீலமும் மாறின. ‘ஹார்ட்வெயார் அக்சலரேஷன்’ என்ற தெரிவை நிறுத்தியதும் நிறம் சரிவந்தது. ஃபிளாஷ் 2020 முடிவுடன் கைவிடப்பட்டது. ஆனால் இவ்வகைப் பிழை வேறு மென்பொருள்களிலும் வரலாம்.

உங்கள் நிலையத்திலும் இவ்வாறு நேர்ந்தால், பின்வரும் ஒழுங்கில் பாருங்கள்.

முதலாவது, வீடியோவை மூடிவிட்டு வெள்ளைப் பக்கமொன்றைத் திறவுங்கள். அதுவும் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிந்தால், திரைக்குச் செல்லும் வயரைக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள். பழைய வி.ஜி.ஏ. வயரில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஊசி உண்டு. நீல ஊசி வளைந்தால் வெள்ளை மஞ்சளாகும். மாலையில் மட்டும் திரை மஞ்சளித்தால், ‘நைட் லைட்’ என்ற வசதி இயங்குகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, வெள்ளைப் பக்கம் சரியென்றால் வேறொரு வீடியோவைப் போடுங்கள். அதுவும் நிறம் மாறித் தெரிந்தால் பதிவில் குறையில்லை என்று நம்பலாம். அந்த ஒன்று மட்டும் எல்லாக் கணனிகளிலும் பிழையாகத் தெரிந்தாலே பதிவைச் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, பச்சையைப் பாருங்கள். பச்சையும் கெட்டு ஊதாவாகியிருந்தால், ‘ஹியூ’ என்னும் நிற அளவு நகர்ந்திருக்கக் கூடும். வி.எல்.சி.யில் ‘ரூல்ஸ்’, ‘எஃபெக்ட்ஸ் அன்ட் ஃபில்டர்ஸ்’ என்பவற்றைத் திறந்து, வீடியோப் பகுதியில் ‘இமேஜ் அட்ஜஸ்ட்’ அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

நான்காவது, பச்சை சரியாக இருந்து முகம் நீலமானால், அதே ‘ரூல்ஸ்’ பகுதியில் ‘பிரிஃபரன்சஸ்’ திறந்து, ‘இன்புட், கோடெக்ஸ்’ என்பதில் ‘ஹார்ட்வெயார்’ உதவியை நிறுத்துங்கள். பயனில்லையேல் ‘வீடியோ’ என்பதில் ‘அவுட்புட்’ முறையை மாற்றுங்கள். சேமித்து, வி.எல்.சி.யை மூடித் திறவுங்கள். ஃபயர்பொக்ஸில் இதே தெரிவு ‘பெர்ஃபோமன்ஸ்’ பகுதியில் உண்டு.

எது செய்தாலும் முதலில் பிரதி எடுங்கள். பிழை எங்கென்று அறியாமல் நிறத்தைத் ‘திருத்தி’, பழையதை அழித்துவிட்டால், நல்ல பதிவு நிரந்தரமாகக் கெட்டுவிடும். பயிர் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். மஞ்சளித்த நெல் இலை நீலம்பாய்ந்து தெரியும் திரையை நம்பிப் பசளை போட முடியாது. விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பிய வீடியோவை அவர் எந்தத் திரையில் பார்த்தார் என்பதையும் கேளுங்கள்.

எமது கணனியில் நான்காவது படியில் நிறம் திரும்பியது. கூறை சிவந்தது. அந்தத் தாய் வீடியோவை முடியும்வரை பார்த்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார். போகும்போது இறுவட்டை அதே பொலித்தீன் பைக்குள் வைத்துக் கட்டினார். பிரதி எடுத்த பென்டிரைவைத் தனியாகச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.