தொட்டிலும் கிதாரும்

அமெரிக்காவில் மேல்படிப்பு படித்த இரண்டு வருஷமும், கல்லூரி வானொலியில் வாரம் ஒரு மணி நேரம் கிராமியப் பாடல்களும் ‘கன்ட்ரி’ பாடல்களும் ஒலிபரப்பினேன். மாணவர்களே நடத்தும் நிலையம், சம்பளம் கிடையாது. பாட்டைத் தேடி எடுப்பது, அறிவிப்பது, மணிக்கொரு தரம் நிலையத்தின் பெயரையும் ஊரையும் சொல்வது எல்லாம் நான்தான்.

‘கன்ட்ரி’ என்றதும் தொப்பி போட்ட குதிரைக்காரர்கள்தானே ஞாபகம் வருகிறது? பாட்டின் கதையை விசாரித்தால், நம்மைப் போன்ற குடும்பப் பெண்கள் வந்து நிற்கிறார்கள்!

1927 ஆகஸ்டில் கார்ட்டர் குடும்பத்தார் பிரிஸ்டல் நகருக்கு முதல் ஒலிப்பதிவுக்குப் போனபோது, பாடகி சாராவுக்குக் கைக்குழந்தை. கிதார் வாசித்த மேபெல்லுக்கு 18 வயது. அடுத்த மாதமே பிரசவம்! கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் தாளத்தையும் வாசித்த அவருடைய முறையை இன்றும் கற்கிறார்கள்.

சுரங்கத் தொழிலாளியின் மகள் லொரெட்டா லின்னுக்கு 15 வயதில் கல்யாணம். நான்கு பிள்ளைகள் பெற்ற பிறகே மேடை ஏறினார். கருத்தடை மாத்திரை பற்றி அவர் பாடிய பாட்டை 1975-ல் பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அப்படியும் அது ‘கன்ட்ரி’ பட்டியலில் 5-ம் இடம் வரை ஏறியது.

அந்தப் பாட்டை நான் போட்ட அன்று ஒரு பெண்மணி தொலைபேசியில் கூப்பிட்டார். “பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேட்டேன். அப்போ எங்க மனசுல இருந்ததை அவங்கதான் வாய்விட்டுச் சொன்னாங்க” என்றார்.

வீட்டு வேலைக்கு நடுவில் பிறந்த பாட்டு, சகோதரிகளே, அற்பமானதல்ல. உங்கள் பாட்டியின் தாலாட்டை இன்றே கைபேசியில் பதிந்து வையுங்களேன்!