மைதானம் இருந்தால் மட்டும் போதுமா?

பள்ளி என்றதும் நம் நினைவில் எழுவது வகுப்பறை. ஆனால் ஒற்றுமை, விட்டுக்கொடுத்தல், தோல்வியைத் தாங்கும் துணிவு ஆகியவற்றை மாணவர் கற்கும் இடம் விளையாட்டு மைதானமே ஆகும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்கிறது. அந்த மைதானம் எல்லோருக்கும் பயன்படுகிறதா என்பதே நான் எழுப்ப விரும்பும் வினா.

நான் படித்த பள்ளியில் மைதானம் பெரிது. நடுவில் பெரிய வகுப்பு மாணவர்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆடுகளத்தின் நீளம் 22 கஜம்தான். பந்து பறக்கும் இடமோ மைதானம் முழுவதும்! மாணவிகளும் சிறுவர்களும் சுவரோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இடம் இருந்தும் அவர்களுக்கு இடமில்லை.

இதற்கு வழி, மைதானத்தைப் பகுத்து அமைப்பதாகும். கணக்கைப் பாருங்கள். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள கால்பந்துத் திடலின் பரப்பு 7140 சதுர மீட்டர்; ஆடுவோர் 22 பேர். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 130 சதுர மீட்டர். ஆடுவோர் 14 பேர். பெண்களுக்கு 12 மீட்டருக்கு 8 மீட்டர் போதும். கைப்பந்துக்கு 18 மீட்டருக்கு 9 மீட்டர். எனவே, சிறிய மைதானத்திலும் இரண்டு மூன்று களங்கள் அமைத்து, பலரை ஒரே நேரத்தில் ஆட வைக்கலாம்.

களங்களின் நீளம் வடக்கு தெற்காக அமைந்தால், காலை மாலை வெயில் ஆடுவோர் கண்ணில் நேராக விழாது. மேற்கு எல்லையில் வேம்பும் புங்கும் நட்டால், மாலையில் நிழல் மைதானத்துக்குள் நீளும்.

சிறு பிள்ளைகளுக்கோ விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. டென்மார்க் நாட்டுப் பூங்கா வடிவமைப்பாளர் சோரன்சன், தாம் அமைத்த மைதானங்களை விட்டுப் பிள்ளைகள் வேறிடங்களில் ஆடுவதைக் கவனித்தார். அவருடைய எண்ணப்படி 1943-இல் கோபன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில் ஒரு திடல் திறக்கப்பட்டது. அங்கே பிள்ளைகளுக்குத் தரப்பட்டவை பழைய பலகைகளும் செங்கற்களும் போன்ற பொருள்களே! அவற்றைக் கொண்டு அவர்கள் தாங்களே வீடு கட்டி மகிழ்ந்தார்கள்.

எவ்வளவு நன்றாக அமைத்தாலும், உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடம் விழுங்கிவிட்டால் பயன் என்ன? நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறோம். அன்று அந்தப் பாடவேளையைப் பறிக்காமலும், ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கு ஒரு களம் ஒதுக்கியும் கொடுப்போமாக!