கணினித் திரையில் ஒரு செம்பரம்பாக்கம் ஏரி

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில், அடையாற்றங்கரைப் பகுதிகளில் வாழும் உறவினர்களிடமிருந்து எங்கள் ஊருக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தவண்ணம் இருக்கும். நலம் விசாரிப்பு இரண்டு சொற்களில் முடிந்துவிடும். அடுத்த கேள்வி, "ஏரி எத்தனை அடி? மதகைத் திறந்துவிட்டார்களா?" என்பதுதான். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற்குப் பிறகு செம்பரம்பாக்கத்துக்காரர்களுக்கு வாய்த்த உத்தியோகம் இது.

நான் இவ்வூரில் மாலை நேர மக்தபில் ஓதிக்கொடுப்பவன். சென்ற ஆண்டு மழைநாள் ஒன்றில், மஃரிப் தொழுகைக்குப் பின் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். அவளுடைய நன்னியின் வீடு அனகாபுத்தூரில் ஆற்றுக்கு அருகில் இருக்கிறது. "ஹஜ்ரத், ஏரியைத் திறந்தால் நன்னி வீடு மறுபடியும் போய்விடுமா?" என்று கேட்டாள். 2015 வெள்ளத்தின்போது அவள் கைக்குழந்தை. மற்றப் பிள்ளைகளில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. ஆயினும், பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, மதகு திறப்பது என்றாலே ஊர் அழிவது என்று அவர்கள் பொருள் கொண்டிருந்தார்கள்.

வாயால் விளக்கிப் பார்த்தேன். கரும்பலகையில் வரைந்தும் பார்த்தேன். பிள்ளைகள் தலையாட்டினார்களே தவிர, அச்சம் தீர்ந்ததாகத் தெரியவில்லை. அப்போதுதான் நான் இளமையில் கற்று, மறந்துவிட்டதாக எண்ணியிருந்த ஒரு கலை நினைவுக்கு வந்தது.

கலைப் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிய நாட்களில் பூந்தமல்லியில் ஒரு கணினி மையத்தில் 'ஃபிளாஷ்' கற்றுக்கொண்டேன். 1996இல் 'ஃபியூச்சர்ஸ்பிளாஷ்' என்ற பெயரில் வெளிவந்த அந்த மென்பொருளை, அதே ஆண்டின் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனம் வாங்கிப் பெயரை மாற்றியது. 2005இல் அது அடோபி நிறுவனத்தின் கைக்குச் சென்றது. உளூச் செய்யும் வரிசையை விளக்கும் படம் ஒன்றை அதில் தயாரித்துக் குறுந்தகட்டில் பதிந்து பத்து வீடுகளுக்குக் கொடுத்தது அக்காலத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. பாதுகாப்புக் குறைபாடுகள் பெருகியதாலும், உலாவிகள் தாமே அசைபடங்களை இயக்கும் திறன் பெற்றுவிட்டதாலும், 2020 டிசம்பர் 31ஆம் தேதியுடன் ஃபிளாஷ் பிளேயருக்கு அடோபி விடைகொடுத்தது. என் குறுந்தகடும் அத்துடன் ஊமையாயிற்று.

மென்பொருள் மறைந்தாலும் அதன் முறை மறையவில்லை. அடோபியே 'அனிமேட்' என்ற பெயரில் அதைத் தொடர்ந்தது. அதற்குக் கட்டணம் உண்டு. உலாவியிலேயே இயங்கும் 'விக் எடிட்டர்' போன்ற இலவச மென்பொருள்களிலும் அதே டைம்லைன் முறைதான். பழைய மடிக்கணினி ஒன்று மக்தபில் இருந்தது. அதில் ஏரியை வரைவது என்று முடிவு செய்தோம்.

டைம்லைன் என்பது யாது? திரையின் ஓர் ஓரத்தில் கட்டம் கட்டமாக நீளும் பட்டை அது. ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம். வினாடிக்குப் பன்னிரண்டு ஃபிரேம்கள் ஓடினால் நம் கண்ணுக்கு அசைவதாகத் தோன்றும். பன்னிரண்டையும் நாமே வரைய வேண்டியதில்லை. தொடக்கநிலையை ஒரு கீஃப்ரேமிலும், முடிவுநிலையை மற்றொரு கீஃப்ரேமிலும் வைத்துவிட்டால் இடைப்பட்டவற்றைக் கணினியே நிரப்பித் தரும். இதற்கு 'ட்வீன்' என்று பெயர். கரை ஒரு லேயரில், தண்ணீர் ஒரு லேயரில், மதகு ஒரு லேயரில் என ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை அடுக்குவதுபோல் வைத்துக்கொண்டால், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கெடாது.

காலத்தை இப்படி ஒரு நீளமாக மாற்றும் எண்ணம் புதியதன்று. 1206இல் தம் இயந்திர நூலை நிறைவுசெய்த அல்ஜஸரியின் பெரிய நீர்க்கடிகாரத்தில், தொட்டியிலிருந்து தண்ணீர் சீராக வடிய வடிய மிதவை ஒன்று கீழிறங்கும். அதனுடன் பிணைத்த கயிறு இழுக்கப்பட்டு, வரிசையாக உள்ள கதவுகள் மணிக்கொன்றாகத் திறக்கும். வடியும் தண்ணீரே அங்கு டைம்லைன்!

உருவப்படங்கள் வரைவது குறித்துத் தயங்கும் பெற்றோர் சிலர் முன்கூட்டியே என்னிடம் கேட்டார்கள். ஏரி, கரை, பனைமரம், மதகு, வீடு ஆகியவை மட்டுமே எங்கள் படத்தில் இருக்கும் என்று சொன்னதும் நிம்மதியடைந்தார்கள்.

முதல் நாள் வேலை நகைப்புக்கிடமாக முடிந்தது. நீல நிறச் செவ்வகம் ஒன்றை வரைந்து, அதன் உயரம் குறைவதாக ட்வீன் கொடுத்தோம். தண்ணீர் மேலிருந்து மட்டுமல்லாமல் கீழிருந்தும் சுருங்கி, ஏரியின் நடுவே அந்தரத்தில் ஒரு கோடாக நின்றது! உருவத்தின் நிலைப்புள்ளி நடுவில் இருந்ததே காரணம். அதை அடிவிளிம்புக்கு இழுத்துவைத்ததும் தண்ணீர் தரையில் அமர்ந்து ஒழுங்காக இறங்கிற்று. அடுத்த குறையைக் கண்டுபிடித்தவன் ஒன்பது வயதுப் பையன். "ஹஜ்ரத், கதவு திறப்பதற்கு முன்பே ஆற்றில் தண்ணீர் போகிறதே!" என்றான். ஆற்று லேயரின் கீஃப்ரேம் மதகு லேயருக்கு முந்திய கட்டத்தில் இருந்தது. அதைப் பத்துக் கட்டம் தள்ளிவைத்தோம்.

இதுவரை செய்தது வெறும் அசைபடம். பார்ப்பவரின் கைக்குக் கட்டுப்படுவதாக அதை ஆக்குவதற்கு இரண்டு கட்டளைகளே போதும். முதல் ஃபிரேமில் 'ஸ்டாப்' என்று எழுதிவிட்டால் படம் தானாக ஓடாமல் காத்துநிற்கும். ஒரு பொத்தானை வரைந்து, அதை அழுத்தினால் இன்ன ஃபிரேமுக்குச் சென்று ஓடு என்பதற்கு 'கோ டு அண்ட் பிளே' என்று எழுத வேண்டும். கடைசி ஃபிரேமிலும் ஒரு 'ஸ்டாப்' வேண்டும். அதை நான் மறந்துவிட்டேன். வடிந்த ஏரி அடுத்த நொடியே ததும்ப நிறைந்து, மீண்டும் முதலிலிருந்து நின்றது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

அழுத சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. "இவ்வளவு வேகமாகவா காலியாகும்?" என்று கேட்டாள். நான் யோசியாமல் மூன்று வினாடி வைத்திருந்தேன். அவளுடைய அச்சத்தைப் போக்கப் புறப்பட்ட படம் அவ்வச்சத்தையே மெய்யாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது.

எனவே கணினியை மூடிவைத்துவிட்டுக் கணக்குப் போட்டோம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி, அதாவது 364 கோடியே 50 லட்சம் கனஅடி. ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம். 2020 நவம்பர் 25ஆம் தேதி, நிவர் புயலின்போது, நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும் முதலில் வினாடிக்கு 1,000 கனஅடி திறந்தார்கள். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் வினாடிக்கு இரண்டுக்கு மேல் கவிழ்வதற்குச் சமம் அது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு திறக்கப்பட்டதோ வினாடிக்கு 29,000 கனஅடி! லாரிக் கணக்கில் வினாடிக்கு அறுபத்தெட்டு. இந்த எண்ணைக் கேட்டதும் பிள்ளைகள் பேச்சற்றுப் போனார்கள்.

புதிய நீர் வரவே இல்லை என்று வைத்துக்கொண்டால், நிறைந்த ஏரி 29,000 கனஅடியில் காலியாவதற்கு ஏறத்தாழ 35 மணி நேரம் ஆகும். 1,000 கனஅடியில் 42 நாட்கள் ஆகும். இதைத் திரைக்குக் கொண்டுவந்தோம். 35 மணி நேரத்திற்குப் பத்து வினாடி, அதாவது 120 ஃபிரேம்கள் என்று வைத்தோம். அதே அளவுகோலில் 42 நாட்களுக்கு 3,480 ஃபிரேம்கள் வேண்டும். ஓடுவதற்கு ஐந்து நிமிடத்தில் பத்து வினாடி குறைவு. ஏரி பெட்டியைப் போன்றதன்று, அடியில் குறுகி மேலே விரிந்தது, ஆகவே மட்டம் சீராக இறங்காது என்பதையும் சொல்லி வைத்தேன். படத்தில் அந்தப் பிழை இன்றும் இருக்கிறது.

இரண்டு பொத்தான்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மதகுகள் உயர்ந்து, ஆற்றின் நீலம் கரையைத் தாண்டிப் பரவி, பத்து வினாடியில் எல்லாம் முடிந்துவிடும். பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். பிறகு பச்சைப் பொத்தான். ஒரே ஒரு மதகு சிறிது உயர்ந்தது. ஆற்றில் மெல்லிய கோடாகத் தண்ணீர் ஓடிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. ஒருவன் கொட்டாவி விட்டான். இருவர் பேனாவைப் பிடுங்கிச் சண்டையிட்டார்கள். அந்தச் சிறுமியும் திரையிலிருந்து கண்ணை எடுத்துப் பக்கத்துப் பிள்ளையுடன் பேசத் தொடங்கிவிட்டாள். மதகு திறப்பதைப் பார்த்து அவள் சலிப்படைந்ததைக் கண்டு எனக்குண்டான மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலாது. அல்ஹம்து லில்லாஹ்!

அப்படியானால் முன்னதாகவே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாமே என்று பெரிய பிள்ளைகள் கேட்டார்கள். 2015க்குப் பிறகு நாடே கேட்ட கேள்வி அது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் அன்றைய நீர்த்திறப்பைக் குறைகூறியது. ஆனால் மறுபக்கமும் உண்டு. இது சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. முன்கூட்டியே திறந்துவிட்டு, பின்னர் மழை பொய்த்துவிட்டால் என்ன செய்வது? 2019 கோடையில் இதே ஏரி வெடித்த நிலமாகக் கிடந்ததைப் பிள்ளைகளில் சிலரே பார்த்திருக்கிறார்கள். மேலும், அடையாற்றில் வந்த வெள்ளம் முழுவதும் எங்கள் ஏரித் தண்ணீரன்று. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் ஆற்றில் வந்தது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் திருநீர்மலை அருகேதான் ஆற்றுடன் சேர்கிறது. நியாயமாக இருக்க வேண்டுமெனில் அதற்கும் ஒரு லேயர் வேண்டும் என்று பிள்ளைகளே சொல்ல, வேறு நிறத்தில் இரண்டாவது ஓடை ஒன்றை வரைந்தோம்.

படத்தை உலாவியில் திறக்கும் கோப்பாக மாற்றி, பெற்றோரின் கைபேசிகளுக்கு அனுப்பினேன். சில பழைய கைபேசிகளில் அது ஓட மறுக்கிறது. அவர்கள் மக்தபுக்கு வந்து மடிக்கணினியில் பார்த்துச் செல்கிறார்கள்.

சில வாரங்கள் கழித்து அந்தச் சிறுமி தன் நன்னியை அழைத்துவந்தாள். 2015இல் வீட்டுச் சாமான்கள் அனைத்தையும் விட்டுவிட்டு, பள்ளிவாசல் மாடியில் தங்கியிருந்தவர் அவர். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மடிக்கணினியின் முன் அமர்ந்தார். பேத்தி பச்சைப் பொத்தானை அழுத்தி விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். சிவப்புப் பொத்தானை அவள் அழுத்தப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும்மா. இதில் என் வீடு எங்கே?"

வீடு இல்லை. ஆற்றங்கரையில் பொதுவாக நான்கு பெட்டிகளை வரைந்து வைத்திருந்தோமேயன்றி, எவருடைய வீட்டையும் வரையவில்லை. பேத்தி புதிய லேயர் ஒன்றைத் திறந்தாள். ஓட்டுக்கூரை, திண்ணை, ஒரு சன்னல் என நன்னி சொல்லச் சொல்ல வரைந்தாள். "தண்ணீர் எதுவரை வந்தது நன்னி?" என்றதும், அந்தப் பெரியவர் எழுந்து, திரையில் சன்னலின் மேல் விளிம்பில் விரலை வைத்தார். பேத்தி அந்த இடத்தில் ஒரு கீஃப்ரேம் போட்டாள்.