ஸ்வீட்ஹார்ட் ப்ரூச்

ஸ்வீட்ஹார்ட் ப்ரூச் என்பது போருக்குச் செல்லும் படைவீரர் தம் காதலி, மனைவி, தாய் அல்லது சகோதரிக்கு நினைவாக அளித்த சிறிய அணிகலன் ஆகும். வீரரின் படைப்பிரிவுச் சின்னம் சிறிய அளவில் இதில் இடம்பெறும். பின்புறம் உள்ள ஊசியால் இதை உடையில் குத்திக்கொள்வர். இன்று இவை பழம்பொருள் சேகரிப்பாளர்களால் விரும்பித் தேடப்படுகின்றன.

வரலாறு

பிரிட்டனில் விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலப் பிற்பகுதியில் இவ்வழக்கம் பரவியது. முதல் உலகப் போரின்போது (1914–1918) இலட்சக்கணக்கானோர் படையில் சேர்ந்ததால் இவற்றின் தேவை பெருகியது. நகைத்தொழிலுக்குப் பெயர்பெற்ற பர்மிங்காம் நகரில் இவை பெருமளவில் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போரிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. வீரர் திரும்பி வராத வீடுகளில் இதே ப்ரூச் துக்கத்தின் அடையாளமாக மாறியது.

செய்பொருட்கள்

அதிகாரிகள் தங்கத்திலும் வைரம் பதித்தும் செய்வித்தனர். சாதாரண வீரர்கள் வெள்ளி, பித்தளை, எனாமல் பூசிய உலோகம் ஆகியவற்றால் ஆனவற்றை வாங்கினர். முத்துச்சிப்பி வட்டத்தின் நடுவே சின்னம் பொருத்திய வகை மிகப் பரவலானது. இரண்டாம் உலகப் போரில் பிளாஸ்டிக்கும் பயன்பட்டது. ஆமையோட்டில் செய்தவையும் உண்டு. அழுங்காமை ஓட்டின் பன்னாட்டு வணிகம் இப்போது கட்டுப்படுத்தப்பட்டுள்ளதால், அவற்றை வாங்குமுன் சட்டநிலையை அறிவது அவசியம்.

காலத்தைக் கணித்தல்

கிரீடம்: 1901 முதல் 1952 வரையிலான சின்னங்களில் பொதுவாக மேல்வளைவுகள் உயர்ந்து உருண்ட டியூடர் கிரீடம் காணப்படும். வளைவுகள் நடுவில் தாழ்ந்திருப்பின் அது விக்டோரியா காலத்ததாகவோ, இரண்டாம் எலிசபெத் காலத்ததாகவோ இருக்கலாம். எனவே கிரீடத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யக்கூடாது.

படைப்பிரிவின் பெயர்: இது உறுதியான சான்று. ராயல் பிளையிங் கோர் 1912இல் தோன்றி, 1918 ஏப்ரல் 1 அன்று ராயல் ஏர் ஃபோர்ஸில் இணைந்தது. மெஷின் கன் கோர் 1915இல் அமைக்கப்பட்டு 1922இல் கலைக்கப்பட்டது. ஆகவே இவற்றின் சின்னம் தாங்கிய ப்ரூச்சின் காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் வரையறுக்கலாம்.

அரச எழுத்துகள்: ராயல் என்ஜினியர்ஸ் சின்னத்தில் ஆளும் மன்னரின் பெயரெழுத்துகள் இருக்கும். ஐந்தாம் ஜார்ஜின் எழுத்துகள் 1910–1936 காலத்தையும், ஆறாம் ஜார்ஜின் எழுத்துகள் 1936–1952 காலத்தையும் குறிக்கும்.

ஹால்மார்க்: நடக்கும் சிங்கம் 92.5 விழுக்காடு தூய வெள்ளியையும், நங்கூரம் பர்மிங்காம் சோதனை நிலையத்தையும் காட்டும். உடனுள்ள ஆங்கில எழுத்து ஆண்டைக் குறிக்கும். மலிவானவற்றில் இம்முத்திரைகள் இருப்பதில்லை.

மாற்றியவையும் போலிகளும்

வீரரின் சட்டைப் பொத்தானிலோ கழுத்துப்பட்டைச் சின்னத்திலோ ஊசியைப் பற்றவைத்து ப்ரூச் ஆக்குவது அக்காலத்திலேயே வழக்கமாக இருந்தது. ஆகவே மாற்றியமைக்கப்பட்டவை எல்லாம் போலி அல்ல. பழைய சின்னத்தில் புதிதாக ஊசி பொருத்தி விற்பதே ஏமாற்று. பற்றவைத்த இடம் புதிதாக மின்னினாலும், ஊசியும் கீலும் சின்னத்தின் பழைமையோடு ஒத்துப்போகாவிட்டாலும் ஐயப்பட வேண்டும். உண்மையான ப்ரூச்சை அச்செடுத்து வார்த்த போலிகளில் எழுத்துகள் மழுங்கியும், மேற்பரப்பில் நுண்துளைகளுடனும் காணப்படும். பழைய ப்ரூச்சுகளில் எளிய வளைகொக்கி இருப்பது இயல்பு. பூட்டும் கொக்கி பெரும்பாலும் பிற்காலத்தது. எனினும் பழுது பார்த்தபோது கொக்கி மாற்றப்பட்டிருக்கவும் கூடும்.

பாதுகாத்தல்

அடிக்கடி மெருகேற்றினால் சின்னத்தின் நுண்கோடுகளும் ஹால்மார்க்கும் தேய்ந்துவிடும். முத்துச்சிப்பியை அமிலம் அரிக்கும் என்பதால் புளி, எலுமிச்சை ஆகியவற்றால் துலக்கக்கூடாது. எனாமல் உதிரக்கூடியது, ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாக மென்துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

ஆவண மதிப்பு

சின்னம் படைப்பிரிவைச் சொல்லுமே தவிர, கொடுத்தவரையோ பெற்றவரையோ சொல்லாது. உடனிருந்த கடிதம், புகைப்படம், பழைய பெட்டி ஆகியவையே அந்த உறவுக்குச் சான்று. விற்பனையின்போது இவை பிரிக்கப்பட்டால் அச்சான்று பெரும்பாலும் மீட்க முடியாதபடி மறைந்துவிடும். எனவே பொருளை வாங்கிய இடம், முன்பு வைத்திருந்த குடும்பம் சொன்ன செய்தி ஆகியவற்றை அன்றே எழுதி, ப்ரூச்சுடன் சேர்த்து வைப்பது சேகரிப்பாளரின் முதற்கடமை ஆகும்.