தமிழ்ச் சுவடித் தரவகச் சோதனையில் தனி உலாவிச் சுயவிவரம்: பயனும் வரம்பும்

முந்திரி, அரைக்காணி, காணி முதலிய தமிழ்ப் பின்னக் குறிகள் 2019ஆம் ஆண்டு வெளியான ஒருங்குறி 12.0 பதிப்பில்தான் இடம்பெற்றன. அப்பதிப்பில் சேர்ந்த தமிழ்த் துணைப்பகுதியில் 51 குறிகள் உள்ளன. திண்டுக்கல் சமவெளிச் சிற்றூர் ஒன்றின் நிலக்கணக்குச் சுவடியைப் பதிப்பித்து இணையத்தில் ஏற்ற விழையும் ஆய்வாளரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர்தம் கணினியில் குறிகள் செவ்வனே தோன்றுகின்றன. வாசகர் திரையிலோ வெற்றுக் கட்டங்களே தெரிகின்றன. 1/320 பங்கும் 1/80 பங்கும் ஒரே கட்டமாகத் தோன்றும் பதிப்பு சான்றாகப் பயன்படாது. இப்பிழை உருவாக்கியவர் கண்ணுக்குத் தப்புவது ஏன் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உலாவிச் சுயவிவரம் என்பது ஒரு தனிக் கோப்புறை. குக்கிகள், பார்வை வரலாறு, தற்காலிகச் சேமிப்பு, நீட்டிப்புகள், மொழி விருப்பம், எழுத்தளவு ஆகியவை அதனுள் அடங்கும். அன்றாடச் சுயவிவரத்தில் இவையனைத்தும் ஆண்டுக்கணக்கில் படிந்திருக்கும். விளம்பரத் தடுப்பு நீட்டிப்பு ஒரு நிரலை முடக்கியிருக்கலாம். சேவையகத்திலிருந்து என்றோ நீக்கப்பட்ட எழுத்துருக் கோப்பு சேமிப்பில் எஞ்சியிருந்து பக்கத்தைச் சரியாகக் காட்டிக்கொண்டும் இருக்கலாம். புதிய சுயவிவரத்தில் இவை எவையும் இல்லை. 2014இல் வெளியான பயர்பாக்ஸ் டெவலப்பர் பதிப்பு தனக்கெனத் தனிச் சுயவிவரத்துடன் இயங்குகிறது. செலினியம் போன்ற சோதனைக் கருவிகளும் இயல்பாகவே ஒவ்வொரு முறையும் தற்காலிகச் சுயவிவரத்தில் உலாவியைத் திறக்கின்றன.

மறைநிலைச் சாளரம் போதாதா என்னும் வினா எழும். குரோமில் திறந்திருக்கும் மறைநிலைச் சாளரங்கள் அனைத்தும் தமக்குள் ஒரே குக்கித் தொகுப்பைப் பகிர்கின்றன. ஆதலால் பதிப்பாசிரியர் ஒரு சாளரத்திலும் பொது வாசகர் மற்றொன்றிலுமாக உள்நுழைந்து ஒரே பக்கத்தை ஒப்பிட அவை உதவா. இரு சுயவிவரங்கள் இருப்பின் இது எளிது. மறுநாளும் அந்நிலை அப்படியே இருக்கும்.

கல்லூரி ஆய்வகக் கணினியில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊரினர்க்கு எளிதில் விளங்கும்: சுயவிவரம் பூட்டு அன்று, தடுப்புச் சுவர் மட்டுமே. ஒரே இயங்குதளக் கணக்கில் அமரும் எவரும் அடுத்தவர் சுயவிவரத்தைத் திறக்க இயலும்.

தமிழ்ப் பக்கங்களைப் பொறுத்தவரை முதன்மையான வரம்பு வேறு. எழுத்துருக்கள் உலாவியின் உடைமையல்ல, இயங்குதளத்தின் உடைமை. நோட்டோ குடும்பத்தின் தமிழ்த் துணை எழுத்துருவை ஆய்வாளர் தம் கணினியில் நிறுவியிருந்தால் எத்தனை புதிய சுயவிவரம் திறப்பினும் முந்திரிக் குறி தோன்றியே தீரும். நடைத்தாளில் கணினியிலுள்ள எழுத்துருவை முதலிலும் சேவையக முகவரியை அடுத்தும் குறிப்பிடும் வழக்கம் பரவலாக உண்டு. அந்நிலையில் முகவரி தவறாயிருப்பினும் உருவாக்கியவர்க்கு அது புலப்படாது. ஆகவே புதிய சுயவிவரத்தில் பக்கத்தைத் திறந்தபின் குரோமின் உருவாக்குநர் கருவியில் அக்குறியைத் தேர்ந்து, கணிக்கப்பட்ட நடைப் பகுதியின் இறுதியில் எழுத்துரு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தல் வேண்டும். கணினிக் கோப்பு என்று அங்குக் காட்டினால் எழுத்துரு நிறுவப்படாத வேறொரு கணினியில் சோதிக்காமல் பதிப்பை வெளியிடுதல் தகாது.