இருமலுக்குப் பூட்டு, நாக்குக்கும் பூட்டு

மெர்க் நிறுவனத்தின் ஜெஃபாபிக்ஸன்ட் மாத்திரை பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 டிசம்பர் 27-க்குள் முடிவு சொல்லியாக வேண்டியிருந்தது. எட்டு வாரம் தாண்டியும் விடாத, எந்த வைத்தியத்துக்கும் மசியாத இருமலுக்கான மருந்து இது. ‘ஏடிபி ஏற்பித் தடுப்பான்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, உடம்பின் சக்தியையே உறிஞ்சிவிடுமா என்று கேட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. உறிஞ்சாது.

செல்லுக்குள் ஏடிபி எரிபொருள் என்பது பள்ளிப் பாடம். வெளியே கசிந்தால் அதுவே செய்தியாகிவிடுகிறது. விஞ்ஞானி ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் 1972-ல் இந்தக் கருத்தை முழுதாக எழுதியபோது சக விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. 1990-களில் ஏற்பிகளின் மரபணுக்கள் ஒவ்வொன்றாகக் கையில் சிக்கிய பிறகுதான் வாயடைத்தார்கள்.

அந்த ஏற்பிகளில் ஒன்று பி2எக்ஸ்3. மூச்சுக்குழாயில் புகையோ கிருமியோ செல்லைக் காயப்படுத்தினால் ஏடிபி கசியும். பக்கத்திலுள்ள வேகஸ் நரம்பின் நுனியில் இந்த ஏற்பி காத்திருக்கிறது. ஏடிபி வந்து ஒட்டியதும் ஏற்பியின் நடுவிலுள்ள துளை திறக்கும், சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும், மூளைக்குச் சேதி போகும், இருமுவோம். துளையைத் திறக்கவிடாமல் செய்வதே மாத்திரையின் வேலை.

இதுவரை அழகான கதைதான். சிக்கல் நாக்கில் இருக்கிறது. சுவை மொட்டுகள் நரம்புக்குச் சேதி சொல்வதும் ஏடிபி மூலம்தான். கேட்டுக்கொள்ளும் ஏற்பியில் பி2எக்ஸ்3-யும் அதன் உறவான பி2எக்ஸ்2-வும் கலந்திருக்கும். இரண்டும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் சுவை நரம்புகள் எந்தச் சுவைக்கும் அசையவில்லை என்று 2005-ல் தெரியவந்தது. எனவே மாத்திரை தொண்டையை அடக்கும்போது நாக்கும் சேர்ந்து அடங்குகிறது. ரசம் வெந்நீராகலாம், காப்பி உலோகமாகக் கசக்கலாம். இரண்டு பெரிய பரிசோதனைகளிலும் 45 மில்லிகிராமை தினம் இருவேளை எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சுவைக் கோளாறு சொன்னார்கள்.

இதை வெறும் பக்கவிளைவு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத மாத்திரை என்பது நோயாளிக்குத் தெரியக்கூடாது என்பதுதான் பரிசோதனையின் அடிப்படை. இங்கே முதல் வாய்ச் சோற்றிலேயே குட்டு உடைந்துவிடுகிறது! தனக்குக் கிடைத்தது மருந்துதான் என்று தெரிந்தவர் நம்பிக்கையோடு இருமலை அடக்கிக்கொள்ளவும் முடியும்.

எண்களைப் பாருங்கள். நெஞ்சில் மைக் மாட்டி, 24 மணி நேரம் ஒலிப்பதிவு செய்து, ஆட்கள் காது கொடுத்துக் கேட்டு எண்ணியவை. முதல் பரிசோதனையில் மருந்து எடுத்தவர்களுக்கு மணிக்குச் சுமார் 18 இருமல் 7 ஆனது. பிரமாதம் என்பதற்குள் அடுத்த வரி: மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களுக்கும் சுமார் 23 என்பது 10 ஆனது. மருந்தின் சொந்தச் சம்பாத்தியம், அந்த மாத்திரையைவிட 18 சதவீதம் கூடுதல் குறைவு; இரண்டாவது பரிசோதனையில் 15 சதவீதம். ‘இருமல் 60 சதவீதம் குறைகிறது’ என்று யாராவது சொன்னால் எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். எண்ணிய முறையையே எஃப்டிஏ சந்தேகித்து 2022 ஜனவரியில் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. மறுபடி எண்ணிக்கொண்டு வந்த நிறுவனத்துக்கு, 2023 நவம்பர் 17 அன்று ஆலோசனைக் குழுவில் கிடைத்த விடை: நோயாளிக்கு அர்த்தமுள்ள பலன் நிரூபணமாகவில்லை என்று 12 பேர், ஆகிவிட்டது என்று ஒருவர்.

கடிதங்களின் மற்ற கேள்விகளுக்கு வருவோம். ஆனால் ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதித்துவிட்டனவே? ஆம், அதே பரிசோதனைகளை வைத்துத்தான்.

சுவை திரும்புமா? நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்புகிறது.

நாக்கை விட்டுவைக்கும் மருந்து வருமா? பி2எக்ஸ்3-ஐ மட்டும் குறிவைக்கும் காம்லிபிக்ஸன்ட் 2023-ல் பரிசோதனையில் இருந்தது.

ஸ்டென்ட் வைத்தவர்கள் எடுக்கும் க்ளோபிடோக்ரெல் இதே குடும்பமா? ஒன்றுவிட்ட உறவு, அது தட்டணுக்களிலுள்ள பி2ஒய்12-ஐ அடைக்கிறது.

எனக்கு மூன்று வாரமாக இருமல், இந்த மாத்திரைக்குக் காத்திருக்கலாமா? வேண்டாம், இரண்டு வாரம் தாண்டினாலே அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், காசநோய் இல்லை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.